பாட்டி மடியா, குழந்தை சீட்டா?

கேள்வி: என் மகளுக்கு 11 மாதம். காரில் போகும்போது மாமியார் முன் சீட்டில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொள்வார். குழந்தைகளுக்கான சீட் வாங்கலாம் என்றால், "நாங்க வளர்க்காத பிள்ளைங்களா?" என்கிறார். தோழியின் காரிலுள்ள சீட்டில் ஒருமுறை உட்கார வைத்தேன்; ஒரே அழுகை. ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம், மடி போதாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாதம்மா. உங்கள் மாமியாரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் மோதும்போது எந்தக் கையும் தாங்காது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது, ஏறக்குறைய மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 9 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ போல முன்னால் இழுக்கும். முன் சீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். ஏர்பேக் வெடித்து விரிவது நேராகக் குழந்தையின் தலைமீதுதான். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவதும் வேண்டவே வேண்டாம். பெரியவரின் உடல் குழந்தையை நசுக்கிவிடும்.

இந்த வயதுக்குப் பின்னோக்கிய சீட்தான் வேண்டும், அதுவும் காரின் பின் இருக்கையில். குழந்தையின் தலை உடலுக்குப் பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் மோதலின் வேகத்தைச் சீட்டின் முதுகு வாங்கிக்கொள்ளும், கழுத்து தப்பும். ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம் வரை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கால் மடங்குகிறதே என்று அவசரப்பட்டுத் திருப்பிவிடாதீர்கள். சீட்டில் குறித்திருக்கும் எடை, உயர வரம்பு வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

மாட்டியபின், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், 2.5 செ.மீ.க்கு மேல் அசையக்கூடாது. குழந்தையின் தோள்பட்டைக்கருகே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகப் பிடிபட்டால் தொளதொளப்பாக இருக்கிறது, இறுக்குங்கள். ஏற்கெனவே விபத்தில் சிக்கிய சீட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அழுகை பழக்கத்தில் அடங்கும். சீட்டை முதலில் வீட்டுக் கூடத்தில் தரையில் வைத்து, நீங்கள் பக்கத்திலிருக்க, விளையாட விடுங்கள். பிறகு தெருமுனை வரை ஒரு சுற்று. பயணத்தில் பாட்டி பின் இருக்கையில், தானும் பெல்ட் போட்டு, பேத்தி பக்கத்தில் உட்காரட்டும். முகம் தெரிந்தாலே பாதி அழுகை நிற்கும். பசித்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூக்குங்கள், ஓடும்போது வேண்டாம்.

மாமியாரிடம் சட்டத்தையும் சொல்லுங்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம்.