பயந்தால் விசுவாசம் குறைவா?

அன்புள்ள தம்பிக்கு,

“பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்றுதானே அர்த்தம், சேர்?” அம்பிட்டியில் பஸ் ஏறும் அவசரத்தில் நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இதை உனக்குச் சொல்லித்தந்தவர் கண்டியில் இருந்துகொண்டே புனித யோசப் வாஸ் சுவாமியாரை அறியாதவர்.

1687இல் ஒல்லாந்தர் ஆண்ட யாழ்ப்பாணத்துக்குள் அவர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் நுழைந்தார். சில்லாலையில் ஒளிந்திருந்து, இரவில் பூசை வைத்தார். தேடுதல் கடுமையானதும் இடம் மாறினார். கோழைத்தனமா? அவர் பிடிபட்டால் அந்தச் சனத்துக்கு வேறு குருவே இல்லை!

1692இல் கண்டிக்கு வந்ததும், போர்த்துக்கேய உளவாளி என்று கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறை வைத்தான். அங்கே அவர் சிங்களம் படித்தார். இந்த இடம் வந்ததும் நம் பிரசங்கிகள் மழைக் கதைக்குத் தாவிவிடுவார்கள்: வறட்சி வந்தது, அவர் செபித்தார், மழை பெய்தது, விடுதலை கிடைத்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதையே ஓயாமல் சொன்னால் பிள்ளைகள் விசுவாசத்தை வித்தை என்றுதான் நினைப்பார்கள்.

எனக்குப் பெரிது 1697தான். கண்டியில் பெரியம்மை. ஜென்னரின் அம்மைப்பால் வர இன்னும் 99 வருடம். அரசனும் நகரை விட்டு நீங்கினான். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டார்கள். வாஸ் சுவாமியாரும் அவருடைய மருமகன் கார்வாலோ சுவாமியாரும் அவர்களைத் தேடிப் போய்க் கொட்டில் போட்டு, புண் கழுவி, கஞ்சி கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. எஸ். ஜி. பெரேரா சுவாமியார் எழுதிய வாஸ் வரலாற்றை எடுத்தால் நான் முதலில் புரட்டுவது இந்தப் பகுதியைத்தான். ஒல்லாந்தருக்கு ஒளிந்த அதே மனிதர் அம்மைக்கு ஒளியவில்லை. இரண்டு தடவையும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: நான் இல்லாவிட்டால் யார் அநாதையாவார்கள்?

விசுவாசத்தைப் பரீட்சிப்பது பயம் மட்டுமல்ல, சோதனையும்தான். சோதனை என்றதும் உன் வயதுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும். பதவியும் சோதனைதான், தம்பி. ஆயர் பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். பிறந்த கோவாவுக்குத் திரும்பவேயில்லை.

தவக்காலத்தில் நாம் படிக்கும் வியாகுலப் பிரசங்கத்தைத் தந்த கொன்சால்வெஸ் சுவாமியார் 1705இல் வந்து இவரோடு உழைத்தவர். அந்தப் பிரசங்கத்தை அழுது கேட்டுவிட்டு, ஆண்டவர் கெத்செமனியில் கலங்கியதை மட்டும் மறந்துவிடுகிறோம். லூக்கா 22ஆம் அதிகாரத்தை முழுதாகப் படித்துவிட்டு வா. பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்