தீயில் வீடிழந்தவருக்கு எதுவரை உதவ வேண்டும்?



2025 ஜனவரி 7 மாலை, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மூண்ட ஈட்டன் காட்டுத்தீ, அல்டடீனா பகுதியில் 9,000க்கும் அதிகமான கட்டிடங்களை அழித்தது. அங்கிருந்த மஸ்ஜிதுத் தக்வா பள்ளிவாசலும் எரிந்துபோனது. லாஸ் ஏஞ்சல்ஸ் தீயை அல்லாஹ்வின் தண்டனை என்று வாட்ஸ்அப்பில் மகிழ்ந்து பகிர்ந்தவர்கள் உண்டு. மறைவானதில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? தீயில் மரணிக்கும் முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்!

உதவி அங்கே உடனே வந்தது. துணிமணிகள் குவிந்து, இனி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு வந்தது. ஆனால் வீடிழந்தவருக்கு ஆறாவது மாதமும் வாடகை கட்ட வேண்டுமே!

முஸ்லிமில் கபீஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைப் பாருங்கள். பேரிடரில் சொத்தை இழந்தவர் பிறரிடம் கேட்கலாம். எதுவரை? பிழைப்புக்குப் போதுமானது கிடைக்கும்வரை. நாள் கணக்கு எதுவும் அதில் இல்லை. நம் வசூலோ இரண்டு ஜும்ஆவோடு நின்றுவிடுகிறது.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. தீயில் பொருளை இழந்தவரையும் அதில் சேர்த்தார்கள் தாபிஈ முஜாஹித் (ரஹ்) அவர்கள். எனவே வாடகைக்காகக் கடன்பட்டு நிற்பவரின் கடனை ஜகாத்திலிருந்து அடைக்கலாம். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் முஸ்லிமல்லாதவரா? அவருக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். அந்தத் தீ இருவர் வீட்டையும்தான் எரித்தது.