இரண்டு இலக்க ஆண்டோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு

மெயின்ஃப்ரேம் பக்கம் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியவர்களைத் திட்டாதீர்கள். பஞ்ச் கார்டில் இருந்ததே 80 இடம். பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ‘19’ என்று அட்டைக்கு அட்டை குத்த யாருக்கு மனசு வரும்? கணினி முன்னோடி பாப் பெமர் 1971-லேயே எச்சரித்து எழுதினார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2. ஒய்2கே என்ற 2000-ஆம் ஆண்டுப் பிழையைத் திருத்தியதோடு எல்லாம் தீர்ந்தது என்று நம்பாதீர்கள். சென்னையில் உட்கார்ந்து ராப்பகலாக நாங்கள் பார்த்த வேலையில் பெரும்பகுதி ஒட்டுப்போடுவதுதான். ஃபைலை அகலப்படுத்தினால் அதைப் படிக்கிற ஒவ்வொரு ப்ரோக்ராமையும் திறக்க வேண்டும். அதற்கு நேரமோ பணமோ கிடையாது. அதனால் ‘விண்டோயிங்’: ஆண்டு 30-க்குக் கீழே என்றால் முன்னால் 20 போடு, இல்லையென்றால் 19 போடு. அந்த 30-தான் பிவட்.

3. எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிவட்டைத் தேடுங்கள். ப்ரோக்ராமுக்கு ப்ரோக்ராம் அது மாறும். ஓய்வூதிய ஃபைலில் ஒரு பாட்டியின் பிறந்த ஆண்டு ‘45’ என்று இருக்கிறது. பிவட் 30 என்று இருக்கும் எக்செல் அதை 1945 என்று படிக்கும். யூனிக்ஸ் வழக்கப்படி 69-க்குக் கீழே எல்லாம் 2000-க்குப் பிறகு, அதாவது 2045. அந்தப் பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை! ஆரக்கிளின் ‘ஆர்ஆர்’ வடிவம் இப்போதைக்கு 50-இல் வெட்டும். மூன்று இடமும் தன் கணக்கே சரி என்று சாதிக்கும்.

4. நின்றுபோகும் ப்ரோக்ராமுக்குப் பயப்படாதீர்கள். ஓடிக்கொண்டே தப்புச் செய்வதற்குப் பயப்படுங்கள். 98-இல் வாங்கிய கடனின் வயதை 05-இல் கணக்கிட்டால் மைனஸ் 93. கோபால் (COBOL) மொழியின் எண் ஃபீல்டில் குறியைக் காட்டும் ‘எஸ்’ இல்லையென்றால் மைனஸ் உதிர்ந்துவிடும், 93 மட்டும் நிற்கும். ஏழு வருஷக் கடனுக்கு 93 வருஷ வட்டி. பிழைச்செய்தி ஒன்றும் வராது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2000-இல் இந்த வகைப் பிழைதான் கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகப் போட்டு, 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு டவுன் சிண்ட்ரோம் அபாயத்தைத் தவறாகச் சொன்னது. தெரியவர மாதக்கணக்காயிற்று.

5. 99 எல்லா இடத்திலும் ஆண்டு அல்ல. ‘காலாவதியே இல்லை’ என்பதற்கும் 99 போட்டிருப்பார்கள்.

6. லீப் வருஷம். நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்பது வரை படித்தவர் லீப் வருஷமான 2000-இல் மாட்டிக்கொண்டார். நான்கால் வகுத்ததோடு நிறுத்திய அரைகுறை தப்பித்தார். இந்தத் தொழிலில் அப்படியும் நடக்கும்.

7. புது மென்பொருள் என்று அசட்டையாக இருக்காதீர்கள். லாக்குகளை அலசும் ஸ்ப்ளங்க் என்ற மென்பொருள், ஆண்டின் இரண்டு இலக்கத்தை 19 வரைக்கும்தான் அடையாளம் காணும்படி இருந்தது. 2020 ஜனவரி 1-க்குள் எல்லோரும் பேட்ச் போட ஓட வேண்டியிருந்தது.

8. மேலாளர் பிவட்டைத் தள்ளிவைத்தால் போதும் என்பார். தள்ளுங்கள், வேறு வழியில்லை. ஆனால் அது எந்த ஆண்டு உடையும் என்று கமெண்ட்டில் எழுதிவையுங்கள், நான்கு இலக்கத்தில்.