பெற்றோர்க்குப் பெற்றோரே துணை

குழந்தையின் மழலைமொழி கேட்டு மகிழ விரும்பாத பெற்றோர் உலகில் இலர். ஆயின், சில குழந்தைகள் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாரா. மூன்று வயது கடந்தும் பேசா. விளையாட்டுப் பொருள்களை ஓயாமல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும். நாள்தோறும் செல்லும் வழி சற்றே மாறினும் கலங்கி அழும். இவ்வியல்பினை ஆட்டிசம் என மருத்துவர் வழங்குவர்; தமிழில் மதியிறுக்கம் என்பாரும் உளர். இது தொற்றும் நோயன்று. மூளையின் வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் வேறுபாடு.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவர் லியோ கானர் என்பார், தாம் கண்ட 11 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் தவறான கொள்கை மருத்துவரிடையே பரவியது. இரவெல்லாம் கண்விழித்துக் குழந்தையைப் பேணிய தாயர்மீதே பழி சுமத்தப்பட்டது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்தாற்போன்ற அப்பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் தம் துயரைத் தமக்குள்ளேயே அடக்கி வாழ்ந்தன.

இந்நிலையில், 1962ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இத்தகைய பெற்றோர் சிலர் ஒன்றுகூடி ஒரு சங்கம் நிறுவினர். அவருள் ஒருவர் லோர்னா விங் அம்மையார். அவரும் அவர்தம் கணவரும் மருத்துவர்களே. எனினும், தம் மகளிடம் இவ்வியல்பு தோன்றியபோது, அக்காலத்து மருத்துவ நூல்கள் இதுபற்றிக் கூறியன மிகச் சிலவாகவே இருந்தன. ஆதலின் அம்மையார் தாமே இத்துறையில் ஆராய்ச்சி மேற்கொண்டார். 1979ஆம் ஆண்டில் ஜூடித் கூல்டு என்பாருடன் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் ஒரே வடிவினதன்று, பல நிலைகளில் தோன்றுவது என்பதை உணர்த்திற்று.

பெற்றோர் ஒன்றுகூடுவதால் விளையும் பயன் யாது? மருத்துவர் திங்களுக்கு ஒருமுறை குழந்தையைக் காண்பர். பெற்றோரோ இரவும் பகலும் உடனிருப்பர். உறங்காத குழந்தையை எவ்வாறு உறங்கச் செய்வது, ஒரே உணவையன்றி வேறு உண்ணாத பிள்ளைக்கு எவ்வாறு ஊட்டுவது, பேச இயலாத பிள்ளைக்குப் படங்களைக் காட்டி அன்றைய அலுவல்களை எவ்வாறு அறிவிப்பது என்பனவற்றை அனுபவித்தவர் கூறக் கேட்பதே சிறப்பு. மேலும், தன் துயரை விளக்கிச் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும் ஒருவர் அருகிருப்பது பெரும் ஆறுதல். நேற்று ஆறுதல் பெற்றவர் இன்று மற்றொருவர்க்கு ஆறுதல் கூறுகிறார்; கூறுந்தோறும் அவர்தம் உள்ளமும் உறுதி பெறுகிறது.

அப்பெற்றோர் ஆறுதலோடு அமைந்துவிடவில்லை. அந்நாளில் இத்தகைய பிள்ளைகளுட் பலர் கல்வி கற்க இயலாதவர் எனத் தள்ளப்பட்டனர். பள்ளிக் கதவுகள் அவர்க்கு அடைபட்டிருந்தன. சிபில் எல்கர் என்னும் ஆசிரியையோ, தம் இல்லத்தின் கீழ்த்தளத்தில் அவர்களுள் சிலருக்குக் கல்வி புகட்டி, அவர்களும் கற்கவல்லார் என்பதைக் காட்டினார். பெற்றோர் சங்கம் 1965ஆம் ஆண்டில் ஈலிங் என்னுமிடத்தில் அவ்வம்மையாரைக் கொண்டு பள்ளியொன்றைத் தொடங்கிற்று. எந்தக் குழந்தையையும் கல்விக்குத் தகுதியற்றதெனத் தள்ளலாகாது என இங்கிலாந்தில் சட்டம் இயற்றப்பட்டது 1970ஆம் ஆண்டிலேயாம். சட்டத்திற்கு முன்னரே பெற்றோர் விழித்துக்கொண்டனர் எனலாம்.

அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. ஆட்டிசம் உடைய சிறுவனின் தந்தையும் உளநூல் அறிஞருமான பெர்னார்டு ரிம்லாண்டு, தாயர்மீது சுமத்தப்பட்ட பழி ஆதாரமற்றது என 1964ஆம் ஆண்டில் நூலெழுதி நிறுவினார். மறு ஆண்டே அவரும் பிற பெற்றோரும் சேர்ந்து நாடளாவிய சங்கம் அமைத்தனர். இந்தியாவில், தில்லி நகரில் 1991ஆம் ஆண்டில் பெற்றோர் முயற்சியால் அத்தகைய அமைப்பொன்று தோன்றியது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது.

தனி மரம் தோப்பாகாது என்பது பழமொழி. தனித்து அழுத பெற்றோர் கூடி நின்றமையாலன்றோ பழி நீங்கியது, பள்ளி எழுந்தது! வகுப்பில் ஒரு மாணவன் முகம் நோக்கிப் பேசாதிருப்பினும், பேரொலி கேட்டுச் செவிகளைப் பொத்திக்கொள்ளினும், அவனை எள்ளி நகையாடாது அருகமர்த்திக் கொள்ளுதல் உடன் பயில்வோர் கடன். அச்சிறு செயல், அவன் இல்லத்தில் அவனை எதிர்நோக்கியிருக்கும் தாய் தந்தையர்க்கும் துணையாகும்.