ட்ரையர் ஏன் சுழலவில்லை?

முன்னுரை

பழுப்பு நிலக்கரிக்கும் ஈரத் துணிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் நமக்குப் பயன்பட வேண்டுமானால், அவற்றிலுள்ள நீர் முதலில் வெளியேற வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் 1962ஆம் ஆண்டு முதல் வெட்டி எடுக்கப்பட்டுவரும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. கொதிகலனில் எரியும்போது கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நகரியத்து வீடுகளில் இல்லத்தரசிகள் சந்திக்கும் சிக்கலும் இதுதான்: நீரை எப்படி வெளியேற்றுவது?

மேல்நாடுகளில் வெப்பக் காற்றைச் செலுத்தித் துணி உலர்த்தும் பெட்டிகள் உண்டு. நம் வீடுகளில் ‘ட்ரையர்’ என்று வழங்குவது பெரும்பாலும் இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தின் சிறிய தொட்டியையே. அது இயங்க மறுத்தால் காரணத்தை முறையாகக் கண்டறிவது எப்படி என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க முயல்கிறேன்.

சுழற்சியின் சிக்கனம்

தொட்டியின் ஆரம் 12 செ.மீ. என்றும், அது நிமிடத்திற்கு 1300 முறை சுழல்கிறது என்றும் கொள்வோம். அதன் விளிம்பில் உள்ள துணியின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 220 மடங்குக்கு மேல் வரும். தொட்டியின் சுவர் துணியைத் தடுத்து நிறுத்துகிறது. துளைகள் நீரைத் தடுப்பதில்லை. எனவே நீர் வெளியேறிவிடுகிறது.

ஒரு லிட்டர் நீரை அறை வெப்பநிலையில் ஆவியாக்கச் சுமார் 2400 கிலோ ஜூல், அதாவது மூன்றில் இரண்டு யூனிட் ஆற்றல் தேவை. 200 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் ஓட 60 கிலோ ஜூல் போதும். ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

இருவகைக் குறிகள்

இயங்காத ட்ரையர்கள் எல்லாம் ஒருவகைப்பட்டவை அல்ல. சில ஓசையே இன்றி இருக்கும். சில ‘உம்’ என்று முனகும். முதலில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

முனகினால், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது என்று பொருள். உடனே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். சுழலாத மோட்டார் விரைவில் சூடேறிக் கருகும். தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே கைக்குட்டை ஏதேனும் சிக்கியிருக்கலாம். மூடியைத் திறந்ததும் தொட்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக், மூடிய பின்னும் விடுபடாமல் இருக்கலாம். இவ்விரண்டும் இல்லையெனில் மின்தேக்கியைச் சந்தேகிக்கலாம். ஒருகட்ட மின்சாரம் மோட்டாரின் ஒரே சுருளில் பாய்ந்தால் காந்தப்புலம் கூடிக் குறையுமேயன்றிச் சுழலாது. துணைச் சுருளில் பாயும் மின்னோட்டத்தின் கட்டத்தை மின்தேக்கி மாற்றுவதால்தான் சுழலும் புலம் உண்டாகிறது.

ஓசையே இல்லையெனில் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. பிளக், டைமர், மூடி ஸ்விட்ச், மோட்டார் ஆகிய நான்கும் தொடரிணைப்பில் உள்ளன. ஒன்று அறுந்தாலும் அனைத்தும் நின்றுவிடும்.

எங்கள் வீட்டு அனுபவம்

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டு ட்ரையர் ஓசையின்றி நின்றது. துவைக்கும் தொட்டி ஓடியது. ஆகவே பிளக்கிலும் ஃபியூஸிலும் குறையில்லை என்று கருவியின்றியே தெரிந்தது. டைமர் ‘டிக் டிக்’ என்றது. ஆனால் அது சுருள்வில்லால் ஓடுவது. அவ்வொலி மின்சாரம் வருவதற்குச் சான்றாகாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றி, மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்துச் சோதித்தேன். டைமரைத் திருப்பியபோது முள் சுழியைக் காட்டியது. மூடியை மூடியபின் மூடி ஸ்விட்சைச் சோதித்தேன், முள் அசையவேயில்லை. ஸ்விட்சின் செப்புத் தகடு பச்சை பூத்து அரிக்கப்பட்டிருந்தது.

அதற்கு முன்பே வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், “ஸ்விட்சை எடுத்துட்டு ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கிடலாம், செலவே இல்லை” என்று சொல்லிப் போயிருந்தார். என் தந்தைக்கு மறுநாள் காலை முதல் ஷிப்டு. சீருடையோ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. “இன்னிக்கு மட்டும் அப்படியே சேர்த்து விடுப்பா” என்றார். வீட்டில் என் அக்காவின் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது.

“அப்பா, சுரங்கத்தில் கன்வேயரை நிறுத்த நெடுக ஒரு கயிறு கட்டியிருக்கிறதே, அதை இன்னிக்கு மட்டும் என்று யாராவது அவிழ்த்தால் நீங்கள் விடுவீர்களா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சீருடையைக் கையாலேயே முறுக்கிப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே கொடியில் போட்டார். மறுநாள் கடைவீதியில் புதிய ஸ்விட்ச் வாங்கிப் பொருத்தினோம். ட்ரையர் சுழன்றது.

எச்சரிக்கைகள்

பிளக்கைப் பிடுங்காமல் எந்தப் பலகையையும் கழற்றலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்; அதன் முனைகளைத் தொடக்கூடாது. ஈரக் கையுடனும் ஈரத் தரையில் நின்றும் இவ்வேலையைச் செய்யலாகாது. நிலஇணைப்பு இல்லாத இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. மோட்டார் மிகச் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருந்து மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். சில மோட்டார்களில் வெப்பத்தால் அறுபட்டு, ஆறியதும் தானே இணையும் காப்பு உண்டு.

முடிவுரை

மூடி ஸ்விட்ச் கெட்டுப் போனால் இயந்திரம் நின்றுவிடுகிறது. இது வடிவமைப்பின் குறையன்று, நிறைவே. காப்புறுப்பு பழுதடையும்போதும் மனிதனுக்குத் தீங்கு நேராத பக்கமாகவே பழுதடைய வேண்டும் என்பது பொறியியல் நெறி. அந்த உறுப்பை விலக்கி ஒயர்களை நேராக இணைப்பவர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கவில்லை. அதன் அறிவைப் பறித்துவிடுகிறார். மூடி திறந்த நிலையிலும் நிமிடத்திற்கு 1300 முறை சுழலும் தொட்டியில் ஒரு சிறு கை நுழைய நொடிப்பொழுது போதும். ஆகவே, நின்ற இயந்திரத்தை ஓட வைக்குமுன், அது ஏன் நின்றது என்று கேட்கும் பழக்கத்தை நாம் ஒவ்வொருவரும் கைக்கொள்வோமாக.