தீபாவளி முற்பணம்: அது யாருடைய சல்லி?



தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டங்களுக்கு ஐப்பசி மாதத்தில் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒன்று தீபாவளி, மற்றது மழை. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். செலவு கூடுகிற மாதத்திலேயே நமக்குப் பேர் குறைகிறது. அதனால்தான் முற்பணத்தை எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறோம்.

முற்பணம் என்றால் என்ன? அது இனாமும் இல்லை, போனஸும் இல்லை. இனிமேல் நாம் வேலை செய்து எடுக்கப்போகும் சம்பளத்தையே முன்னதாக வாங்குகிறோம். 10,000 ரூபா வாங்கி 10 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபா பிடிபடும். மாசி, பங்குனியில் றப்பர் இலை உதிர்ந்து பாலும் குறையும். 25 பேர் விழுந்த வீட்டில் 15 பேர்தான் விழுந்தால், சம்பளத்தில் பத்துக்கு நாலு பங்கு போய்விடும். பிடிக்கிற 1,000 ரூபா மட்டும் குறையாது!

அப்போது அரிசிக்கு என்ன செய்கிறோம்? வட்டிக்கு வாங்குகிறோம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றால், 10,000 ரூபாவுக்கு 10 மாதத்தில் வட்டி மட்டும் 10,000. முதல் அப்படியே நிற்கும்.

கடன் நம்மைக் கட்டிப்போட்ட கதை பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. அதில் தொழிலாளியின் கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல் வந்த சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. சட்டம் அவிழ்த்த கட்டை நாமே திரும்பப் போட்டுக்கொள்ளலாமா?

பண்டிகையைக் கொண்டாட வேண்டாம் என்று சொல்லவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கமாக இருக்கட்டும். அதற்குச் சில வழிகள்:

1. வீட்டில் இரண்டு பேர் வேலை செய்தால், இரண்டு பேரும் முற்பணம் எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பேசிப் பாருங்கள். எடுத்தால் இரண்டு சம்பளத்திலும் பிடிபடும்.

2. சல்லி கைக்கு வந்த அன்றே பிள்ளைகளின் கொப்பிக்கும் பைக்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். தீபாவளி முடிந்தால் தைப்பொங்கலும் புது வகுப்பும் வரும்.

3. டவுனுக்குப் போகுமுன் வாங்க வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். பிள்ளைகளின் உடுப்பு முதலில், நம்முடையது பிறகு.

4. "எடுத்துட்டுப் போங்க, சம்பளத்துல பாத்துக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், பொருளின் விலையைக் கேட்டு வீட்டுக் கொப்பியிலும் எழுதி வையுங்கள். சம்பளத்தன்று இரண்டு கொப்பியையும் ஒத்துப் பாருங்கள்.

5. நகையை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வங்கியில் வையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி, மீட்க வேண்டிய திகதியைக் கலண்டரில் குறியுங்கள்.

6. போத்தலுக்குப் போகிற காசையும் கணக்கில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கே நமக்குப் புத்தி சொல்லும்.

அடுத்த லயத்தில் என்ன வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டாம். அவர்கள் சம்பளத்தில் எவ்வளவு பிடிபடுகிறது என்று நமக்குத் தெரியாது. நம் வீட்டில் பங்குனி மாதமும் அடுப்பு எரிய வேண்டும். அதை நினைத்துச் செலவு செய்வோம், சந்தோஷமாகப் பலகாரம் சுடுவோம்!