பிறர் கையில் நம் முதல்

கையில் நாலு காசு சேர்ந்ததும் வீட்டில் எழும் கேள்வி இது: நாமே பார்த்துத் தொழிலில் போடுவதா, விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதா? இரண்டுக்கும் ஷரீஅத்தில் இடமுண்டு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனா வந்ததும் கடைத்தெருவுக்கு வழி கேட்டு, தாமே நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பொருளீட்டினார்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்களோ தம் சரக்கைப் பிறரிடம் ஒப்படைத்தே வாணிபம் நடத்தினார்கள். அச்சரக்குடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வந்ததை அறியாதார் நம்மில் யார்?

ஒப்படைப்பதிலும் இருவகை உண்டு. கூலிக்கோ கூலியின்றியோ நம் சொற்படி ஒருவர் செயல்படுவது வகாலத். இலாப நஷ்டம் நம்முடையது. முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என்றால் அது முளாரபா. இதில் இலாபத்தைப் பாதி, மூன்றிலொன்று என்று விகிதமாகவே பேச வேண்டும். உழைப்பவரின் குற்றமின்றி நஷ்டம் வந்தால் அது முதலுக்குரியவரைச் சேரும்; உழைத்தவருக்கு உழைப்பு வீண். ஆகவே, "இலட்சத்திற்கு மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால், அவர் தாடி எவ்வளவு நீளமாயினும், அது முளாரபா அல்ல. 2019-ஆம் ஆண்டு பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய ஒரு நிறுவனம் கதவை மூடியபோது, ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் பெண் மக்களின் திருமணத்திற்கென வைத்திருந்ததையும் இழந்து நின்றன. நம்பியது குற்றமல்ல, கேட்காமல் நம்பியதே குற்றம்.

ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் முதல் கொடுக்கும்போது, கால்நடை வாங்காதே, கடல்வழி கொண்டு செல்லாதே, வெள்ளம் வரும் ஓடையில் தங்காதே, மீறினால் பொறுப்பு உன்னுடையது என்று நிபந்தனை விதிப்பார்களாம். நாமும் அவ்வாறே, வட்டித் தொழிலும் மதுத் தொழிலும் கூடாதென எழுதி வாங்கலாம். ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது, உமக்குக் கூலி தருவது யார் என்பதே. செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் நம்மிடம் கட்டணம் பெறுகிறார். விற்பனை முகவர் நிறுவனத்திடம் கமிஷன் பெறுகிறார். பின்னவர் சொல்வதெல்லாம் பொய்யென்பதல்ல. ஆனால் அவர் யாருடைய ஆள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பணம் யார் கையிலிருந்தாலும் நம் முதலுக்குரிய ஜகாத் நம்மீதே கடமை. ஆண்டுக் கணக்கை நாமே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மனைவியின் மஹரும் நகையும் அவளுக்கே சொந்தம். அதை முதலீடு செய்யும் கணவன் அவளுடைய வக்கீல் மட்டுமே. அவள் சம்மதம் கேட்டோமா, கணக்குக் காட்டினோமா?